பதினொண்ணாந்தேதி வாய்தா

ஹலோ… யாரு? சத்தமாச் சொல்லுங்க, லாரி போகுது… இருங்க, இந்தக் கல்லுல உக்காந்துக்கிடுறேன். நின்னா அடிவயித்துத் தையலு சுண்டி இழுக்குது… ம், சொல்லுங்க.

ஓ… ஜெயிலு டாக்டரம்மாவா!

ஆமா, ஆமா, ஜெகதீஸ்வரிதான். அடேயப்பா, எம்பேரு தெரியுமா உங்களுக்கு? எட்டு மாசம் உள்ள கெடந்தப்ப ஊருப் பேரச் சொல்லி "ஏய், பந்தல்குடி"ன்னுதான கூப்பிட்டீக… சரி, சரி. சொல்லுங்க.

…பேப்பரப் பாத்தீகளா? இங்க டீக்கடையில சத்தம் போட்டே வாசிச்சாக… ஆமா, நாந்தான் சொன்னேன். நிருபர் தங்கச்செல்வி வீடு தேடி வந்து கேட்டா… பொய்யா? எதும்மா பொய்யி? உதிரம் கொட்டுதுன்னு வந்து நின்னா ஒரு வெள்ள மாத்திர. தலவலிக்கும் அதே மாத்திர. நெஞ்சுவலிக்கும் அதே மாத்திர. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னா, "காவலுக்கு லேடி போலீஸ் இல்ல, அடுத்த வாரம்"… எத்தன அடுத்த வாரம்மா? ஜாமீன்ல வந்து காமிச்சா, கட்டி முத்திப்போச்சுன்னு கர்ப்பப்பையவே எடுத்துட்டாக. முப்பது வயசுல. கரி சுடுற மூட்டத்துல மூட்ட தூக்குனவ நான். இன்னைக்கு ஒரு கொடம் தண்ணி தூக்க ஏலல.

…என்னது? 'நல்லாத்தான் பாத்தாக'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமா?… ம்… ம்… தையல் மிஷினு வாங்கித் தருவீகளா! ஏம்மா, வயித்துல போட்ட தையலு போதாதா?

இருங்க, இருங்க. நான் பேசுறேன். நீங்க பயப்பட வேண்டியது இந்தப் பேப்பருக்கு இல்ல. தகவல் உரிமைச் சட்டத்துல தங்கச்செல்வி எழுதிக் கேட்டதுக்கு உங்க ஜெயில்ல இருந்து பதில் வந்திருக்கு. என்கூட ஒரே வரப்புத் தகராறு கேசுல உள்ள வந்தாளே நாகஜோதி… ஆமா, ஜாமீனுக்கு ஆளில்லாம இன்னும் உள்ள கெடக்குறவதான். எனக்கு வந்த அதே நோவு. அவள செப்டம்பர் பதினொண்ணாந்தேதி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு. அடியில உங்க கையெழுத்து.

அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் அருப்புக்கோட்டை கோர்ட்டுல வாய்தா. ஒரே வேன்லதான் வந்தோம். சாயங்காலம் வரைக்கும் என் தோள்ல சாஞ்சுதான் கெடந்தா. ரெண்டு பேரும் ஆஜர்னு கோர்ட்டுப் பதிவேட்டுலயே இருக்கு.

…ஏம்மா, வாய்தாவுக்குன்னா மட்டும் லேடி போலீஸ் கெடச்சிருச்சு, பாத்தீகளா?

…அழுகுறீகளா? அழுங்க. நான் சிமிண்டுத் தரையில பொரண்டப்ப நீங்க செல்போனத் தடவிக்கிட்டு இருந்தீக.

…நாளைக்குக் காலையில டிவிக்காரவுக வாராக. ஆமா, கேமராவோட… நிறுத்தவா? மாட்டேன்… வேல போயிருமா? போகட்டும்… பிள்ளகுட்டி இருக்கா? இருக்கட்டும். நானுந்தான் ஒண்ணு பெத்துக்கிடணும்னு இருந்தேன்.

…நாளைக்கே நாகஜோதியக் கூட்டிட்டுப் போறீகளா? பேப்பர்ல வந்தாத்தான் போலீசு மொளைக்குமோ? கூட்டிட்டுப் போங்க. அதுக்காக வாயப் பொத்திக்கிடுவேன்னு நெனைக்காதீக. தேதியோட சொல்லத்தான் செய்வேன்.

…எனக்கா? எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேணாம். எடுத்தது திரும்பி வரவா போகுது… வைக்காதீக, கேளுங்க. நாகஜோதிக்கு ஒரு ஸ்கேன் பாக்கி. அஞ்சு மாசமாப் பாக்கி. குடுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க.

ஹலோ?… ஹலோ?