முன்வரிசையில் அப்பா

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவனிடம் சொன்னாள்:

“இன்னிக்கு ஒரு நாளாவது மேடையில உங்கப்பாவைச் சாகடிக்காதீங்க.”

அவன் மடியில் பேச்சுத் தாள்கள் காற்றில் பதறிக்கொண்டிருந்தன.

“அவர் செத்தாதான்டி ஹாலே அழும். அந்த அழுகைக்குத்தான் கம்பெனிக்காரங்க என்னைக் கூப்பிடறாங்க.”

“இன்னிக்கு அவரே வர்றாரே, முன்வரிசைக்கு!”

அவன் திரும்பினான். “யார் கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடலை. போன மாசம் பேசினீங்களே, அந்த கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கார்.”

“கேட்டுட்டு?”

“‘நல்லாத்தான் பேசறான்மா. நான் செத்துப்போற இடத்துல எனக்கே அழுகை வந்துடுச்சு’ன்னார்.”

நந்தனம் சிக்னலில் பஸ் நின்றது. வெயில் மட்டும் உள்ளே ஏறியது. அவன் கடைசித் தாளை உருவி, எழுதாத பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

“பேனா இருக்கா?”