சுவரில் தொங்கிய மருமகள்

— அந்தப் பையில கை வெச்சே, அவ்வளவுதான் சந்தியா! ஒரு தரம் சொல்லிட்டேன், ரெண்டு தரம் சொல்லிட்டேன். மூணாவது தரம் சொல்ல வைக்காதே!

— இது மண்டி இல்லப்பா, வூடு. நான் தக்காளி இல்ல, உன் பொண்ணு. ஏலம் விடாம மனுசன் மாதிரி பேசு.

— பேசறா பாரு! தங்கம்மா, உன் மக பேசற பேச்சப் பாரு! பாலக்கோடு மண்டியில இந்த மாரப்பன் வாயத் தொறந்தா பெங்களூர் யாவாரியெல்லாம் கம்முனு நிப்பான். என் வூட்டுல மட்டும் ஒருத்தருக்கும் பயமில்ல!

— நீங்க வாயத் தொறந்தா பெங்களூருக்கே கேக்கும்ங்க. யாவாரி இங்க வர வேண்டிய வேலையே இல்ல. மெதுவாப் பேசுங்க, அடுத்த வூட்டுக் கன்னுக்குட்டி மெரண்டு கயித்த அறுக்குது.

— கத்துவேன்! பெத்த பொண்ணு செத்த பொணமா டீவியில தொங்குனா எந்த அப்பன் கத்தாம இருப்பான்?

— பொணம் இல்லப்பா, போட்டோ. சீரியல்ல செத்துப்போன மூத்த மருமகளோட போட்டோ. கதைக்கே அதுதான் முக்கியம். அது ஒரு கேரக்டர்.

— மாலை போட்டு, பொட்டு வெச்சு, வெளக்கு ஏத்தி வெச்சா அதுக்குப் பேரு கேரக்டரா? நம்ம ஊருல அதுக்குப் பேரு கருமாதி!

— ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். ஒரு வருசமா கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குனேன். ஒருத்தன் குட்டைன்னான். ஒருத்தன் கறுப்புன்னான். ஒருத்தன் நான் பேசறதக் கேட்டுட்டு, ‘எந்தக் காட்டுல இருந்தும்மா வர்றே?’ன்னான். இவங்கதான் மொதமொதல்ல, ‘மூஞ்சி பரவால்ல, ஆனா பேச வேணாம்’னு எடுத்துக்கிட்டாங்க.

— கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயி, மெட்ராஸ்ல ஆணியில தொங்கற வேலை பாத்திருக்கே!

— சொல்லியிருந்தா விட்டிருப்பியா?

— விட்டிருக்க மாட்டேன்!

— அதான் சொல்லல.

— நீ சொல்லாததால நான் பட்டது தெரியுமா? ஏலம் நல்லாச் சூடேறி நிக்குது. நாக்கு வறண்டுபோச்சேன்னு டீக்கடைப் பக்கம் திரும்பறேன். டீவியில நீ! கழுத்துல மாலை! சந்தைச் சத்தத்துல அதுல பேசறது ஒண்ணும் காதுல விழல. நான் நியூஸுன்னு நெனச்சுட்டேன். போன் போட்டா அணைச்சு வெச்சிருக்கே.

— ஆடிஷன்ல இருந்தேன். உள்ள போன் கூடாது.

— நீ அங்க உள்ள இருந்தே. நான் இங்க மேல போகப் பாத்தேன்! அப்படியே தக்காளிக் குவியல் மேல விழுந்துட்டேன்.

— விழுந்தாரா? உருண்டாருடி! ‘என் சாமி போயிட்டியே’ன்னு இந்த மண்டியில ஆரம்பிச்சு எட்டாவது மண்டி வரைக்கும் உருண்டாரு. சந்தை பூரா ரசம். மாரண்டஹள்ளி ரோட்டுல லாரி வழுக்குச்சாம். அந்தச் சட்டையத் தொவைச்சவ நானு. பாக்கெட்டுல இன்னும் நாத்து மொளைக்குது.

— சிரிக்காதே தங்கம்மா! அதையும் ஒருத்தன் போன்ல புடிச்சான் பாரு, பக்கத்து மண்டி முருகேஷு! தெனம் என் கூட டீ குடிக்கிறவன்! தூக்கி விடுவான்னு பாத்தா, ‘அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி அழுங்கண்ணே, வெளிச்சம் பத்தல’ங்கறான்!

— நீயும் திரும்பினயாமே.

— துக்கத்துல இருக்கறவனுக்கு எந்தப் பக்கம்னு என்னாடி தெரியும்? நீ சாயங்காலம் போன் போட்டு, உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்குள்ள அந்த வீடியோ ஏழு கடலத் தாண்டிடுச்சு. மாரண்டஹள்ளி என்ன, பக்கம்தானே? மறுநாள் விடியறதுக்குள்ள என் கூடப்பொறந்தவ காசியம்மா பஸ் ஏறிட்டா. அங்க எடுத்த ஒப்பாரி இங்க எறங்கியும் நிக்கல. கண்டக்டர் அழுவுறான், டிரைவர் அழுவுறான், டிக்கெட் எடுக்காதவன்கூட அழுதுகிட்டே டிக்கெட் எடுத்தானாம்! கையில கோடித் துணி, இத்தாத்தண்டி மாலை. பின்னாடியே அவ மவன் டிராக்டர்ல பாடைக்கு மூங்கில் ஏத்திட்டு வர்றான். கதவத் தட்டுனா, தொறக்கறது யாரு?

— நானு. அப்பத்தான் மெட்ராஸ் பஸ்ஸ விட்டு எறங்கி வந்து பல்லு வெளக்கிட்டு இருந்தேன்.

— வாயெல்லாம் வெள்ளை நொரை! பேயின்னு நெனச்சு மாலைய உன் கழுத்துலயே போட்டுட்டு ஓடுனவதான் என் அக்கா. இன்னிக்கு வரைக்கும் என்கிட்டப் பேசறதில்ல. ‘அழுத அழுகையத் திருப்பிக் குடு’ன்னு ஆள் விட்டுக் கேக்கறா!

— பாடைக்குன்னு வந்த மூங்கிலத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதாம்டி. அதான் பின்னாடி பந்தல் போட்டுப் பொடலங்கா ஏத்திட்டேன்.

— கேட்டியா? செத்த வூட்டு மூங்கில்ல காய்க்கிற பொடலங்காயத் திங்கற நெலமைக்கு வந்துட்டேன்! இவ்வளவும் ஆனப்புறம் அதே கம்பெனிக்காரன் கார் அனுப்பறானாம்! வரட்டும். டயருல காத்தப் புடுங்கி விடறேன்.

— அதியமான்கோட்டை தாண்டிப் பக்கத்துல வந்துட்டாங்கப்பா. அந்தக் கார் எதுக்கு வருதுன்னா—

— எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியும்! வாயத் தொறக்காதே!

— இதேதான்! எப்பப் பாரு, வாயத் தொறக்காதே! அந்தக் கம்பெனிக்கும் நான் பேசக் கூடாது, உனக்கும் பேசக் கூடாது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல ராணி வேசம் போட்டேன். தக்காளி வரத்து ஜாஸ்தின்னு நீ வரல. காலேஜ்ல மேடையேறுனேன், அப்பவும் வரல. நான் நடிச்சு நீ மொதமொதல்ல பாத்ததே செத்துப்போனவளாத்தான். அதுக்குத்தான் உனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. உசுரோட நடிச்சப்ப எங்கப்பா போயிருந்தே?

— ... அழுதனில்ல? நான் அழுதனில்ல? அங்க டீவியில உன் அப்பன்னு சொல்லிக்கிட்டு ஒரு மொட்டைத் தலையன் நின்னானே, அது அழுகையா? தும்மல் வருமா வராதான்னு யோசிக்கிறவன் மாதிரி நிக்கிறான். கண்ணத் தொடைக்கிறான், பொட்டுத் தண்ணி இல்ல. ‘மகளே’ங்கறான். எடை சொல்றவன்கூட இன்னும் கொஞ்சம் பாசமாச் சொல்லுவான்!

— சந்தையில ஒண்ணுமே காதுல விழலன்னே. அவன் ‘மகளே’ன்னது எப்படிக் கேட்டுச்சு?

— அது... முருகேஷு போன்ல எப்பவோ ஓடுச்சு.

— என் போன்லடி! கதவச் சாத்திக்கிட்டு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அந்த மொட்டை மாதிரியே மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டு, ‘சீ’ன்னு கண்ணாடியத் திட்டுனாரு.

— என் பொண்ணுக்கு எவன் எந்த லட்சணத்துல அழுவுறான்னு நான் பாக்க வேணாமா? பேச்ச மாத்தாதீங்க ரெண்டு பேரும்! கொண்டா அந்தப் பைய. உன் துணியப் பூரா கெணத்துல வீசுனாத்தான் எனக்கு ஆறும்!

— ஏங்க, வேணாம்ங்க. மடிச்சு வெச்சது நானு.

— நீயும் கூட்டா? விடுடி! ஜிப்பு வேற வர மாட்டேங்குது. இதோ பாரு, இதோ இப்ப... இது என்னா? இது என் வேட்டி. என் வெள்ளைச் சட்டை. பிரஷர் மாத்திரை. என்னாத்துக்கு என் சாமானெல்லாம் இதுல கெடக்குது?

— கார் உனக்கு வருதுப்பா.

— என்னா?

— முருகேஷ் மாமா விட்ட வீடியோவ டைரக்டர் பாத்துட்டாரு. ஒரு வருசம் நான் வாசல்ல நின்னேன், உக்காருன்னு ஒருத்தன் சொல்லல. நீ ஒரு தடவ உருண்டே, கார் அனுப்பறாங்க! எனக்கு எரியாதா? போன்லயே சண்டை போட்டேன். எங்கப்பா வேணும்னா, போட்டோ வாயத் தொறந்து பேசணும்னுட்டேன். ஒத்துக்கிட்டாங்க. அந்த மொட்டைக்குப் பதிலா நீ. ‘இவருக்குப் பதில் இவர்’னு அடியில எழுத்து ஓடும். நீ வந்தா எனக்குப் பிளாஷ்பேக், நெறைய டயலாக், என் பேச்சுலயே. வரலன்னா, நான் ஆணியிலயே தொங்கிட்டுப் போறேன்.

— காலையில இருந்து ரெண்டு பேரும் ஏண்டி சொல்லல?

— நீங்க மூச்சு விட்டாத்தானேங்க சொல்றதுக்கு!

— ஒரு தரம்ப்பா.

— தங்கம்மா, இவ என்னையே ஏலம் விடறா பாரு!

— ரெண்டு தரம்.

— வாசல்ல ஹாரன் அடிக்குதுங்க. திருப்பி அனுப்பிடட்டுமா?

— இரு, இருடி! அவ்வளவு தூரம் வந்த வண்டிய வெறுமனேவா அனுப்புவாங்க? முருகேஷுக்கு போன் போட்டு, நல்லாப் பழுத்ததா ரெண்டு பெட்டித் தக்காளி டிக்கியில ஏத்தச் சொல்லு. கண்ட ஊரு தக்காளி மேலெல்லாம் நான் உருள மாட்டேன்.