சோதனைப் படம்

மேகம் இப்போதைக்கு விலகுகிற மாதிரி தெரியவில்லை. நட்சத்திரங்களைப் படம் எடுக்கிறோம் என்று ராத்திரியில் மலை ஏறி வந்தாயிற்று. கேமரா முக்காலிகள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்ட வாருங்கள். புதிதாகச் சேர்ந்த இந்தத் தம்பி, பழைய கேமராவை எப்படிப் பார்த்து வாங்குவது என்று காலையிலிருந்து என் உயிரை வாங்குகிறார். சொல்கிறேன். கேட்ட பிறகு வாங்குவதும் வாங்காததும் உங்கள் பாடு.

என் அலுவலக நண்பனின் மச்சானுக்கு நடந்தது இது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தக்காளியைக்கூட ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம்... ஏழு மணி இருக்கும். விளம்பரம் பார்த்து, ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க வண்டியில் கிளம்பினார். மூடிக்கிடந்த மில்லைத் தாண்டி ஒரே சாலை. எதிரே ஒரு வண்டி இல்லை. தெருவிளக்குகள் பாதி எரியவில்லை. சாலை முடிகிற இடத்தில் ஒரு வீடு... வாசலில் நாய் படுத்திருந்தது. அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்து வாலை ஆட்டியது.

கதவைத் திறந்தவர் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். நாலு நாள் தாடி. உள்ளே போனதும் ஷாம்பு வாசனை... யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு நடமாடுகிற மாதிரி, ஈரமாக. உறையிலிருந்து கேமரா வெளியே வந்தது. அவ்வளவுதான், உள்ளறையிலிருந்து ஒரு பாப்பா ஓடி வந்தாள். ஐந்து வயதுக்குள்தான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பூதக்கண்ணாடி தன் வேலையை ஆரம்பித்தார். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளைச் சுவரை எடுத்துத் தூசிப் புள்ளி தேடினார். கேமராவைக் காதில் வைத்து ஷட்டர் சத்தத்தைக் கேட்டார். கடைசியாகக் கண் சோதனை. தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உயிருள்ள ஒரு கண்ணைப் படம் எடுத்து, திரையில் முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் வாங்கலாம்.

நாற்காலியில் தயாராக ஒரு கண் இருந்ததே. சடக்.

பெரிதாக்கினார். இமை முடி பிசிறில்லாமல் இருந்தது. கருவிழிக்குள் டியூப் லைட் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே கேமராவோடு இவர். இவருக்குப் பக்கத்தில் ஒரு பெண். தலையில் துண்டு சுற்றி, கொஞ்சம் குனிந்து, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு...

இவர் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். நாகரிகம் தெரிந்த மனிதர் இல்லையா... அடுத்த வீட்டுக் குழந்தையின் படத்தை நாம் கொண்டுபோகக் கூடாது என்று, மெமரி கார்டை மொத்தமாக அழித்தார். அழித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கேமரா பிடிச்சிருக்கு சார். அக்கா உள்ள போயிட்டாங்க போல. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புறேன்."

"எந்த அக்கா?"

"இப்ப என் பக்கத்துல நின்னாங்களே... தலையில துண்டு கட்டிக்கிட்டு. கன்னத்துல குழி விழுதே, அவங்க."

மருந்துக்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சாலை விபத்தில் போய் ஆறேழு மாதம் ஆகிவிட்டது. அவளோடு அவள் போனும் நொறுங்கிப்போனது. இந்தக் கேமரா அவளுடையது. கல்யாண ஆல்பத்தைத் தவிர, வீட்டில் இருக்கிற படங்கள் எல்லாம் அவள் எடுத்தவை. அதனாலேயே ஒன்றிலும் அவள் இல்லை.

"கல்யாண ஆல்பத்தக் காட்டுனா, இவ்வளவு பவுடர் பூசிக்கிட்டு யாருப்பா இது, இது அம்மா இல்லன்னு தள்ளிவிட்டுர்றா. நேத்து கேக்குறா, அப்பா, அம்மா மூக்கு எப்படி இருக்கும்னு... மறந்துக்கிட்டு வர்றா சார். கேமராவப் பாத்தா மட்டும் ஓடிவந்து இந்த நாற்காலியில உக்காந்து சிரிக்கிறா. அம்மா எடுக்க வருவான்னு காத்துக்கிட்டே இருக்கா. அதப் பாக்க முடியாமத்தான் விக்கிறேன்." கையை நீட்டினார். "அந்தப் படத்தக் காட்டுங்க."

"அழிச்சுட்டேன் சார்."

இந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது தன் நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது என்று மச்சான் சொன்னாராம்.

பிறகென்ன, திரும்ப எடுத்தார்கள். பாப்பா சிரித்தாள். சடக். பெரிதாக்கினால் கண்ணுக்குள் இவர் மட்டும். மறுபடி சடக். இவர் மட்டும். அப்பா வெறும் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போடீ. எனக்காக வேணாம். இவளுக்காக." சடக்... சடக்... சடக்...

"அழிச்ச படத்த மீட்டுடலாமே? அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கே." இங்கே நம்ம கம்ப்யூட்டர்க்காரர் குறுக்கே கேட்கிறார். நல்ல கேள்வி.

"மீட்கலாம்தான்யா. அதே கார்டுல மேல வேற படம் எடுக்காம இருந்தா."

பதற்றத்தில் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே, ஒவ்வொரு சடக்கிலும் அவள் முகத்தின் மேல் வேறு படத்தைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பாப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள். "மாமா, உங்களுக்கு எடுக்கவே தெரியல. அம்மாகிட்ட குடுங்க."

பூதக்கண்ணாடி கேமராவை எதிரிலிருந்த மேசையில் வைத்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லாத மேசை அது. வைத்துவிட்டு வாசல் வரை பின்பக்கமாகவே நடந்தார். அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஷாம்பு வாசனை மூச்சு முட்டுகிற அளவுக்கு ஏறியது. எங்கோ ஈரத் துண்டிலிருந்து சொட்டுகிற மாதிரி... டொக்... டொக்... பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேசைக்கு மேலே, ஆள் உயரத்தில், எதையோ பார்த்துச் சிரித்தாள். அதுவரை சிரித்த சிரிப்பு இல்லை அது.

சடக்.

கேமரா மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. படமோ ஆள் உயரத்திலிருந்து, கொஞ்சம் குனிந்து எடுத்தது. அப்பாவும் மகளும் இருந்தார்கள். பூதக்கண்ணாடி பாப்பாவின் கண்ணைப் பெரிதாக்கினார்... இன்னும்... இன்னும். டியூப் லைட் கோடு தெரிந்தது. அதற்குக் கீழே அவள். தலையில் துண்டு. முழங்கை இரண்டும் விலாவில் ஒட்டியிருந்தன.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருந்தது.

பாப்பா எட்டிப் பார்த்தாள். "ஐ, இதுதான் அம்மா!" என்றாள். படம் எடுத்து முடிந்துவிட்டது என்று நாற்காலியிலிருந்து இறங்கி, தூங்கப் போய்விட்டாள்.

மச்சான் கேமராவை வாங்கவில்லை. செருப்பை மாட்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தாராம். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தபடி, திரையில் விரலை வைத்து, அவள் முகத்தை மறைக்கிற கேமராவை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.