பத்து மாசப் பெட்டி

– அப்போ டாக்சிக்காரருக்குத் தெரியும், பேக்கரிக்காரருக்குத் தெரியும். என் புடவையெல்லாம் பத்து மாசமா பெட்டியிலயே கிடக்குன்னு உங்க சாயங்கால வகுப்பு மொத்தத்துக்கும் தெரியும். நல்லா இருக்கு வாத்தியாரே.

– அது வந்து டீச்சரம்மா, நான் பேர் போடலையே. ஒரு கணவன், ஒரு மனைவின்னுதான் எழுதினேன். இங்கிலீஷ் பேசிப் பழக ஒரு உரையாடல் வேணும்ல.

– நாடு விட்டு நாடு இந்த ஊருக்கு வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கற புருஷன் பெண்டாட்டி எத்தனை ஜோடி இருக்கு? நீங்க போர்வைக்குள்ள இருக்கற நேரத்துல நான் காலை வகுப்புக்குப் போக பஸ்ஸுக்கு நிக்கறேன். அந்த மனுஷர் டாக்சியை ஓரங்கட்டி, "மேடம், துணியை இன்னும் எடுத்து அடுக்கலையா?"ன்னு விசாரிக்கறார்.

– இங்கிலீஷ்லயா?

– ஆமா.

– தப்பில்லாம?

– தப்பில்லாமதான்.

– பாத்தியா. மூணு மாசம் முன்னாடி அந்த ஆள் வாயே திறக்க மாட்டார்.

– ரொம்பப் பெருமைதான். குழாய் ஒழுகினது, என் ஸ்வெட்டரை நீங்க துவைச்சு பொம்மைச் சட்டையாக்கினது, எல்லாம் பாடமாயிடுச்சு. குடும்ப மானத்தை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொண்ணு கொடுக்கறீங்க.

– சண்டைன்னா வகுப்புல ஒருத்தரும் தூங்கறதில்லையே, என்ன பண்ண. சரி, என் பெரிய அகராதி எங்க? அலமாரியைத் திறந்தே மாசக்கணக்காச்சு, பார்க்கறேன் இரு.

– அது எங்கயும் ஓடிப் போகாது, உக்காருங்க. அது என்ன கையில, தாள் கட்டு?

– அது வந்து... அந்த உரையாடலோட கடைசி வரி. கணவன் சொல்றான், "ஸ்கூல்ல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குள்ள ரெண்டு பேரும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போடலைன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது." மனைவி என்ன பதில் சொல்றா? அதை அவங்களே எழுதணும்.

– நாமளும் நிஜமாவே நாளைக்குள்ள போடணும்.

– ஆமா.

– வீட்டுல இருக்கறவளை விட்டுட்டு ஊரைக் கேட்டிருக்கீங்க.

– வாசிக்கறேன் கேளு. நர்ஸம்மா எழுதியிருக்காங்க, "எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். ஆனாலும் போடுகிறேன்."

– பாவம். அது அவங்க கதை.

– பேக்கரிக்காரர், "முதலில் எனக்கு ஒரு அலமாரி கொடு."

– இனிமே அவர் கடையிலதான் ரொட்டி. வந்த அன்னைக்கே அலமாரி முழுக்க உங்க புத்தகத்தை அடுக்கிட்டீங்க. உங்க சட்டைக்கு நாற்காலி, என் புடவைக்குப் பெட்டி.

– பெட்டியிலயே இருக்கட்டும்னு சொன்னது நீதானே. எப்ப வேணா கிளம்பறவ மாதிரி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கேக்கவே பயம்.

– பயமா? உங்களுக்கா?

– உன் வேலையை விட்டுட்டு வரச் சொன்னது நான். எனக்கு இங்க பிடிச்சுப் போச்சு. அதை வாய்விட்டுச் சொன்னா, நீ எனக்காகன்னு கையெழுத்துப் போட்டுடுவே. அப்புறம் ரெண்டு வருஷமும் அந்தப் பெட்டி என்னையே முறைக்கும்.

– ம். மிச்சத்தைப் படிங்க.

– இது யாருதுன்னு தெரியல. கோணல்மாணல் எழுத்து, வரிக்கு ரெண்டு தப்பு. "கணவன் மனைவியிடம் கேட்கவே இல்லை. கேட்காமல் அவள் எப்படிச் சொல்வாள்?" புதுசா சேர்ந்த தையல்காரம்மாவா இருக்குமோ?

– வகுப்புல எத்தனை பேர்?

– பன்னெண்டு.

– தாளை எண்ணுங்க.

– பத்து, பதினொண்ணு... பதிமூணு.

– நீங்க குளிக்கப் போனப்ப உங்க பையில இந்தக் கட்டைப் பார்த்தேன், இடது கையால எழுதிச் செருகினேன். எழுத்தைக் கூட சமாளிச்சுட்டேன், தப்பு விடறதுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

– டீச்சரம்மா.

– சொல்லுங்க.

– இங்கயே இருப்போமா? எனக்காகச் சொல்ல வேண்டாம். உனக்கு இருக்கணும்னு இருக்கா?

– போய் அந்தப் பெட்டியைத் திறங்க. உங்க அகராதி அதுலதான் இருக்கு, மத்த புத்தகமும்தான். என் புடவையெல்லாம் அலமாரிக்குக் குடிபோய் ஒரு மாசமாச்சு.