வினைமுற்று

கணினி திடீரென்று அணைந்துபோனால் எல்லோரும் முதலில் சுவர் சுவிட்சைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். சுவிட்ச் நன்றாக இருந்தது. வயரை மாற்றிப் பார்த்தேன். வயரிலும் கோளாறு இல்லை.

ஆஸ்பத்திரியின் நல அலுவலர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு நன்றி. எனக்குப் பேச வராது, எழுத வரும். வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அக்காவுக்கு ரேடியோ. கடையிலும் பள்ளியிலும் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கு அது வேணாமாம், இந்த நீலம்தான் வேணுமாம்" என்பாள். எனக்குப் பிடித்தது பச்சை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. மிஞ்சியவை தெளிவான அறிவும் வலது கை ஆட்காட்டி விரலும். தலையை ஆட்ட முடியாது. இமைகள் தாமாகவே துடிக்கும், அவற்றைப் பார்த்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. அண்ணன் ஒரு மேசைக் கணினி வாங்கி வைத்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். தனக்கு வேண்டிய எழுத்து வரும்போது அக்கா பொத்தானை அழுத்துவாள். ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகும். அண்ணன் வேலைக்காக வேறு ஊரில் இருந்தான். நானும் அக்காவும் மட்டும்தான் வீட்டில்.

ஏழு மாதத்துக்கு முன் கணினி தானாக அணையத் தொடங்கியது. சூடு ஆறிய பின் போட்டால் ஓடும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிடும். பவர் சப்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். அதைத் தனியே கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். விசிறி சுற்றியது. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். விசிறி சுற்றுவதால் பவர் சப்ளை நலம் என்று ஆகிவிடாது. சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். மறுபடி மாட்டி, மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். தொடக்கத்தில் பன்னிரண்டு வோல்ட். ஒன்பதாவது நிமிடத்தில் பதினொன்றரை. பதினோராவது நிமிடத்தில் பதினொன்றுக்கும் கீழே போய் அணைந்தது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் பதினோரு நிமிடம். பெட்டியின் துளை வழியாக டார்ச் அடித்தபோது உள்ளே இரண்டு மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது.

என் பழைய கணினியிலிருந்த பவர் சப்ளையைக் கழற்றி அக்காவின் கணினியில் மாட்டினேன். அன்று அது காலையிலிருந்து மதியம் வரை நிற்காமல் ஓடியது.

அந்த மூன்று மணி நேரத்தில் அக்கா ஒரு கடிதம் எழுதினாள். அவளைப் போன்றவர்கள் தங்கி வேலை கற்றுக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தாள். கடைசி வரி எனக்கு: "அனுப்பிடுடி. உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல."

கடிதத்தை அனுப்பினேன். அனுப்பாமல் இருப்பது துரோகம். பிறகு அவளுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்துவிட்டு, அவள் தூங்கும்போது பழைய பவர் சப்ளையை மறுபடி மாட்டினேன். நல்லதை ஒரு துண்டில் சுற்றி என் அலமாரியில் வைத்தேன்.

கணினி மறுநாள் மறுபடி அணைந்தபோது அக்கா என்னையே பார்த்தாள். மதர்போர்டு கோளாறு, உதிரிப்பாகம் வர வேண்டும் என்றேன். அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

"ஏன்டி ஊமைக்கோட்டான், மூணு வருஷம் பிசிக்ஸ் படிச்சே, ஒரு டப்பாவ ரிப்பேர் பண்ண வரலையா?" என்று போனில் சிரித்தான்.

"பாத்துக்கிட்டுதான்ணா இருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வினைமுற்று என்று படித்திருப்பீர்கள். நம் மொழியில் ஆமாம், இல்லை, வேண்டும், வேண்டாம் எல்லாமே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. வினைமுற்று வரும்வரை எதையும் எப்படியும் முடிக்கலாம். இதை நான் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. இல்லத்திலிருந்து ஓர் அம்மா அக்காவைப் பார்க்க வந்த அன்றுதான் கவனித்தேன்.

அவர் வருவதற்கு முன்பே கணினியைப் போட்டு வைத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க வாயால கேட்டாத்தாம்மா சேர்த்துக்க முடியும். அங்க வர்றீங்களா, இல்ல இங்கயே இருக்கீங்களா?" என்றார். அக்கா எழுதினாள்.

"நான் இங்க இருக்க"

டக்.

திரை கறுத்த பிறகும் அக்காவின் விரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இப்போதும் ஆளில்லாத அறையிலிருந்து எனக்குக் கேட்கிறது.

"ஆசைப்படறேன்னு சொல்ல வர்றா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்" என்று அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அக்கா குறுக்கு வழி தேடினாள். அவள் எப்போதுமே கெட்டிக்காரி. யாராவது வந்தால் பொத்தான் பொருத்திய பலகையில் விரலால் இரண்டு முறை தட்டுவாள். நிறுத்தி மறுபடி இரண்டு முறை. இல்லை, இல்லை என்பது அதன் பொருள். சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் பேசிக்கொண்ட முறை அது. கேட்டவர்களிடம் நரம்பு நடுக்கம் என்றேன். விரல் நோகக் கூடாது என்று அவள் கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தேன். பிறகு தட்டினால் கேட்கவில்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்த டாக்டரைப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள். அவர் அவசரத்தில் இருந்தார். "எங்கயாவது வலி இருக்காம்மா?" என்றார். அக்கா எழுதினாள்.

"இடுப்புல வலி"

டக்.

"கொறஞ்சிருக்குன்னு சொல்றா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதையே எழுதிக்கொண்டார்.

அவள் இடுப்பில் வந்த படுக்கைப்புண் எனக்குத் தெரியாது என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அண்ணன் நல்லவன், அப்படித்தான் சொல்வான். அவளைக் குளிப்பாட்டுபவள் நான். முதல் நாள் சிவந்திருந்தபோதே பார்த்தேன். தோல் விட்டபோதும் பார்த்தேன். தினமும் கழுவி மருந்து போட்டேன். எலும்பு தெரிந்த அன்றும் போட்டேன். இங்கே சேர்த்திருந்தால் இங்குள்ள கணினியில் அவளை எழுதச் சொல்வீர்கள். அது நிற்காமல் ஓடும். அதனால் காத்திருந்தேன். காய்ச்சல் ஏறி அவள் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்த நாளில் அண்ணன் சொல்லாமல் வந்துவிட்டான்.

அவளை இங்கே சேர்த்த மறுநாள் அண்ணன் வீட்டுக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் பெட்டியைத் திறந்து குனிந்து முகர்ந்தார். "இதுக்கு பிசிக்ஸ் எதுக்குங்க, மூக்கு போதுமே. தீய்ஞ்ச வாசனை ஆளத் தூக்குது" என்றார். மாற்றுவதற்கு வேறொன்று உண்டா என்று அண்ணன் என் பக்கம் திரும்பினான். நானே எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துண்டைப் பிரித்துப் பார்த்தவன் என் முகத்தைப் பார்க்காமலே அதை மெக்கானிக்கிடம் கொடுத்தான்.

எல்லாம் வேண்டுமென்று செய்ததுதான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். என்னை இனி வார்டுக்குள் விடக் கூடாது என்று நேற்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அக்காவே கேட்டுக்கொண்டதாகச் சொன்னீர்கள். அதில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது.

அவள் எழுதியபோது நான் கட்டிலருகே இருந்தேன். சரிசெய்து இங்கே கொண்டுவந்த கணினி நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இனிமே என் பக்கத்துல வராதே" என்று எழுதினாள். முற்றுப்புள்ளியும் வைத்தாள். எழுத்துகள் ஒளிர்ந்தபடியே இருந்தன, அவள் மேற்கொண்டு எதையும் அழுத்தவில்லை. விரல் களைத்துவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நாள் கூடவே இருந்தவள் நான். அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும்.

உனக்கும் காய்ச்சல் ஒட்டிக்கும் என்று சொல்ல வந்தாள்.