துர்காதேவி வளர்த்த படிகம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கும்மிடிப்பூண்டி இரும்பாலைப் புகைக்கு நடுவே, எங்கள் மருந்துக் கம்பெனியில், மனித குலத்துக்கு விடிவு பிறந்துவிட்டது. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் ஒரே ஒரு குழியில் புரதம் படிகமாகியிருந்தது. நிர்வாகி மைக்ரோஸ்கோப்புக்கு மாலை போட்டார்.

வளர்த்தவள் துர்காதேவி. கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாள். நான் அவளுடைய மேலதிகாரி. அதே புரதத்தோடு ஆறு வருடம் மல்லுக்கட்டித் தோற்றவன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

படிகம் தூசியளவு. எக்ஸ்ரேயில் வைத்து, மருந்துக்கு வழிகாட்டும் அந்தப் புரதத்தின் வடிவத்தைப் பார்க்க, பெரிதாக இன்னொன்று வளர்க்க வேண்டும். அந்த வாரம் ஆயுத பூஜை. லேபைக் கழுவிய குப்பம்மாள் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இது மஞ்சளாப் பூட்ச்சு. கடாசிடவா?"

அந்தக் குழிக்கு ஊற்றிய கரைசல். பழசானதால்தான் படிகமே வந்திருக்கும் என்று உடனே புரிந்தது. பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் இடம் இருந்தது.

துர்காதேவி புதுக் கரைசலில் பதினோரு மாதம் முயன்றாள். நான் கூடவே இருந்தேன். வெப்பநிலையை மாற்று, புரதத்தை மறுபடி சுத்தம் செய் என்றேன். எல்லாம் சரியான ஆலோசனைகள்தான்.

"பழைய கரைசலாலதான் வந்திருக்குமோ சார்?"

"அறிவியல்ல சாக்கு சொல்லக் கூடாதும்மா."

"அன்னிக்கு நீங்களுந்தான பாத்துக்கினு இருந்தீங்க. படிகம் இருந்திச்சில்ல?"

"என்னமோ மினுங்கிச்சு. எதுக்கும் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ."

மறுவாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் படிகமும் கரைந்துபோய், மைக்ரோஸ்கோப்பில் அவள் எடுத்த படம் மட்டுமே மிச்சம் என்பதால் விசாரணை வைத்தார்கள். படம் போலி என்று எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகவேண்டாம் என்று அவளுக்காகப் பரிந்து பேசியவன் நான்தான். வாசகமும் நான்தான் சொன்னேன். 'போலி' என்ற இடத்தில் அவள் பேனா கொஞ்சம் நின்றது.

வேலை போன பிறகு அவள் அப்பா தேசப்பன் வந்தார்.

"நெசமாவே நான்தான் போலியா செஞ்சனான்னு பொண்ணே எங்களாண்ட கேக்குது சார். சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்பும்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பிறகு பாட்டிலை எடுத்துவந்தேன். நான்கே நாளில், என் பெயரில், கடுகளவு படிகம். நிர்வாகி கைகுலுக்கினார். எக்ஸ்ரேக்கு அனுப்பினோம். நேற்று அறிக்கை வந்தது.

புரதம் இல்லை. கரைசலின் உப்பு.