பிரவீனாவின் பூட்ஸ்

தவளை வளர்ப்பது நாய் வளர்ப்பதைவிடச் சுலபம், சார். அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஓசூரில் என் மாடியறையில் கண்ணாடித் தொட்டிகளில் வைத்திருந்தேன். பெங்களூரில் வாங்கியவை, தென் அமெரிக்க வகை. உள்ளங்கை அளவு இருக்கும். நாள் முழுக்க அசையாது. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தால் மனது அடங்கும்.

ராயக்கோட்டைப் பக்கம் குன்றின் மேல் இருக்கிற சுனையை நான்தான் முதலில் பார்த்தேன். மழை விழுந்தால் பாறை இடுக்குகளிலிருந்து விரல் நகம் அளவுத் தவளைகள் வெளியே வரும். கூழாங்கற்களை ஒன்றோடொன்று உரசுவது போல ஒரு சத்தம். பல வருடம் அதை நான் ஒருவன் மட்டுமே கேட்டேன். பிறகு பிரவீனாவை அழைத்துப் போனேன். இந்த விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

பிரவீனா என் தங்கையோடு படித்தவள், அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தாள். தவளையைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

“எபி அண்ணா, இது இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணாத இனமா இருக்கும்ணா. பசங்களக் கூட்டியாறன். நாலு பேருக்குத் தெரிஞ்சாதான் இதக் காப்பாத்த முடியும்.”

அடுத்த மழைக்கு மாணவர்கள் வந்தார்கள். பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், சிரித்தார்கள். நான் அவர்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வராது, சார். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மேலே ஏறுவதற்கு முன் எல்லோருடைய பூட்ஸையும் பிரவீனா பிளீச்சிங் தண்ணீரில் கழுவ வைப்பாள். எதற்கு என்று கேட்டேன். ஒரு பூஞ்சை இருக்கிறது, தவளையின் தோலில் பிடிக்கும் என்றாள். தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சும் தோலால்தான். தோல் கெட்டால் கடைசியில் இதயம் நின்றுவிடும். கொரியாப் பக்கம் தோன்றியதாம். மனிதர்கள் விலைக்கு வாங்கிய தவளைகளோடு கப்பலிலும் விமானத்திலும் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. எத்தனையோ இனங்கள் இல்லாமலே போய்விட்டனவாம்.

அந்த வாரம் என் தொட்டிகளில் இரண்டு செத்திருந்தன. மற்றவை இரை எடுக்கவில்லை. தோல் உரிந்து தண்ணீரில் மெல்லிய காகிதம் போல மிதந்தது. அவளிடம் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தேன். உலகம் முழுக்க வியாபாரிகள் தெரியாமல் செய்த காரியம். நான் தெரிந்து, ஒரு காரணத்தோடு செய்கிறேன். தவளை இல்லாத சுனைக்கு யார் வரப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் இரண்டு கேன்களில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் போய் ஊற்றினேன். அதன்பின்னும் சில முறை போனேன்.

மழைக்காலம் வந்தது. பிரவீனாவோடு நானும் ஏறினேன். சுனை ஓரத்தில் அவை கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தன. சில வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு சத்தமும் இல்லை. அவள் ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“போன தடவ மேற்குத்தொடர்ச்சி மலைக்குப் போயிட்டு நேரா இங்க வந்தேன். அன்னிக்கு பூட்ஸக் கழுவினனாண்ணா? உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?”

கழுவினாள். அடிப்பாகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

“சரியா ஞாபகம் இல்லம்மா” என்றேன். “மனசுல வெச்சுக்காத. யாருக்கும் நடக்கறதுதான்.”

அவள் மனதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பூஞ்சை தன்னால்தான் வந்தது என்று கல்லூரியில் அவளே எழுதிக் கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டாள். இப்போது வேப்பனப்பள்ளியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வெளியே வருவதில்லை, கைகளை அடிக்கடி கழுவுகிறாள் என்று அவள் அம்மா சொன்னார்கள். நான் மாதாமாதம் போய்ப் பார்க்கிறேன். பழம் வாங்கிப் போவேன். வேறு யாரும் வருவதில்லை.

சுனையில் செத்த தவளைகளில் இருந்த பூஞ்சை விற்பனைத் தவளைகளில் வருகிற வகை என்று உங்கள் வனத்துறைப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அதனால் என் தொட்டிகளைத் தேடி வந்திருக்கிறீர்கள். சரிதான், நான்தான் ஊற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

பிரவீனாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். தன் தவறு என்று நினைத்து வாழ அவள் ஒருவழியாகப் பழகிவிட்டாள். இப்போது போய் அவள் மனதைக் கலைப்பது பாவம். அந்த அளவுக்கு இரக்கமில்லாதவன் இல்லை நான்.